மைக்கில் சொன்ன சுகம்

தம்பி,

தலைப்பில் ஸ்தோத்திரம் என்று எழுதாமல் நம் வீட்டில் எந்தக் கடிதமும் தொடங்கியதில்லை. மளிகைச் சீட்டுக்குக்கூட மேலே ஒரு சிலுவையைப் போட்டுவிட்டுத்தான் துவரம்பருப்பு என்று எழுதுகிறவன் நான். இன்றைக்கு அதை எழுதவில்லை. கிழவனுக்கு மறதி என்று நினைத்துக்கொள்ளாதே, வேண்டுமென்றேதான் விட்டேன். அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டால் அதற்குப் பின்னால் போய் வசதியாக ஒளிந்துகொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே முடித்துவிடுவேன். ஆயுசு முழுக்க அதைத்தான் செய்திருக்கிறேன். அதனால் இந்தத் தடவை வெறும் காகிதத்தில், வெறும் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கிருபாவின் வலிப்பு மாத்திரையை நீ நிறுத்தி நாற்பது நாளாகிறது. திடீரென்று நிறுத்தவே கூடாது என்று டாக்டர் உன்னிடமும் மருமகளிடமும் சொன்னபோது நானும் அந்த அறையில்தான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். நீ தலையை ஆட்டினாய். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஏழு வயதுப் பிள்ளையை உன் சபை மேடையில் ஏற்றி, மைக்கை அவள் வாய்க்கு நேராகப் பிடித்து, "சுகமாயிட்டேன்னு சொல்லு பாப்பா" என்று சொல்லவைத்தாய். அதை யாரோ போனில் பிடித்திருக்கிறார்கள். அது சிதம்பரத்திலிருந்து கிளம்பி ஊரெல்லாம் சுற்றியது. இங்கே கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கொண்டுவந்து காட்டினார். "உங்க பேத்தி கலக்கிட்டா சார்" என்றார். உன்னிடம் நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். இன்றைக்கே பிள்ளையை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. ஆண்டவர் சுகமாக்கினார் என்று மைக்கில் சொல்லவைத்த அந்தச் சாட்சியைத் திரும்ப எடுத்துக்கொள்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம், இதற்கு ஏன் கடிதம் என்று நீ கேட்கலாம். போனில் சொல்லிப் பார்த்தேன். "நெகட்டிவ்வா பேசாதீங்கப்பா, நம்ம வாயில வர்றதுதான் நடக்கும்" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு என் நம்பரைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தேன். நான் மாத்திரை என்று ஆரம்பித்ததுதான் தெரியும், நீ கண்ணை மூடிக்கொண்டாய். என் தலைமேல் கையை வைத்தாய். "ஆண்டவரே, எங்கப்பாவோட அவிசுவாசத்த எடுத்துப்போடும்" என்று ஆரம்பித்தாய். இருபது நிமிஷம் போனது. வீட்டுக்குள் கத்திப் பேசுகிறவனை நிறுத்தலாம், ஜெபம் பண்ணுகிறவனை யாராலும் இடையில் நிறுத்த முடியாது. நான் உன் உள்ளங்கைக்குக் கீழே வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்துவிட்டு, நீ முடித்ததும் ஆமென் சொன்னேன். பழக்கதோஷம். எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை தம்பி. அந்த வித்தையை உனக்குக் கற்றுக்கொடுத்த ஆளே நான்தானே.

உனக்கு ஞாபகம் இருக்கும். நம் வீட்டில் சண்டை நடந்ததே கிடையாது, குடும்ப ஜெபம்தான் நடந்தது. சாயங்காலம் ஏழரைக்குப் பாயை விரித்தால் ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும், அதுதான் சட்டம். நான் ஆரம்பிப்பேன். "ஆண்டவரே, இந்த வீட்ல ஒரு பையன் இருக்கான், டியூஷனுக்குப் போறேன்னுட்டு பீச்சுல சுத்திட்டு வர்றான், அவன நீர்தான் பாத்துக்கணும்" என்பேன். உன் முறை வந்ததும் நீ, "ஆண்டவரே, எங்கப்பா டூட்டி முடிஞ்சி வந்தா ஜாஸ்தி கத்துறாரு, அவருக்குச் சமாதானத்தக் குடும்" என்பாய். கண்ணை மூடியிருக்கிறவனை அடிக்க முடியாதே, பல்லைக் கடித்துக்கொண்டு அல்லேலூயா சொல்வேன். கடைசியில் உன் அம்மாவின் முறை. உதடு அசைவது தெரியும், சத்தம் வராது. "எல்லாரையும் காப்பாத்தும், ஆமென்" என்பது மட்டும் கேட்கும். எனக்கு எரிச்சலாக வரும். "என்னா ஜெபம் இது? வாயத் தொறந்து சத்தமா கேளேன். அவரு என்னா பக்கத்துலயா உக்காந்திருக்காரு?" என்பேன். "உக்காந்துதானங்க இருக்காரு" என்பாள். இதைச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு எழுந்து தோசைக்கல்லை அடுப்பில் போடப் போய்விடுவாள்.

எனக்குச் சத்தம்தான் பிழைப்பு, அது உனக்குத் தெரியும். முப்பது வருஷம் கடலூர் சிதம்பரம் தடத்தில் கண்டக்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று நான் குரல் கொடுத்தால் தூங்குகிறவன் எழுந்து இறங்குவான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் இரட்சிக்கப்பட்டேன். சபைக்குப் போனேன். அங்கேயும் இந்தத் தொண்டையைத்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். "பிரதர், நீங்க ஸ்தோத்திரம் சொன்னா கூரை அதிருது" என்றார் பாஸ்டர். பஸ்ஸில் சில்லறைக்காகத் திட்டு வாங்குகிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை மைக் கிடைத்தது. ஜனம் கையை உயர்த்துகிறது, அழுகிறது, நான் நிறுத்தினால் நிறுத்துகிறது. அதைப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் அபிஷேகமும் இருந்திருக்கலாம், இல்லை என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் முக்கால்வாசி என் குரலை நானே கேட்டு ரசித்த சந்தோஷம். நீ கீபோர்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆராதனை நடத்துவதைப் பார்க்கும்போது, உன் முகத்தில் அதே சந்தோஷம் தெரிகிறது.

உன் அம்மா சிதம்பரத்துக்காரி. கோயில் மணி கேட்கிற தெருவில் வளர்ந்தவள். அக்கம்பக்கத்தில் விடிந்தால் பாராயணம் கேட்கும் வீடுகள். அவள் குடும்பம் போனது, புத்தகத்தைப் பார்த்து ஜெபம் வாசிக்கிற பழைய சபைக்கு. அட்டை கிழிந்த ஒரு ஜெபப் புத்தகத்தைத் துணிகளுக்கு நடுவே வைத்து நம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பிரயாணம் போகிறவர்களுக்கு ஒரு ஜெபம், பிரசவத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, நோயாளிக்கு ஒன்று என்று எல்லாம் அதில் அச்சிட்டு இருக்கும். எனக்குச் சிரிப்பாக இருந்தது. "இதென்ன டிக்கெட் புக்கா, ஊருக்கு ஊரு கிழிச்சிக் குடுக்க? மனசுலேருந்து வரணும்" என்று சொல்லி அதை வாங்கிப் பரணில் போட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை எல்லாம் சம்மதம் என்றே எழுதிக்கொண்டு குடும்பம் நடத்தியவன் நான்.

நீ சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த இரண்டாம் வருஷம் அது. ஒருநாள் காலையில் நான் டூட்டிக்குக் கிளம்பும்போது உன் அம்மா சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, என் கையைப் பிடித்து மார்பில் ஓரிடத்தில் வைத்தாள். கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. "டாக்டரம்மாகிட்ட காட்டிடலாமாங்க?" என்று கேட்டாள். "மொதல்ல ஜெபிப்போம்" என்றேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எல்லோரும் சுற்றி நின்று கைவைத்து ஜெபித்தார்கள். மறுநாள், "இப்ப எப்பிடி இருக்கு?" என்று நான் கேட்ட கேள்வியிலேயே பதிலையும் எழுதி வைத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "கொஞ்சம் கொறைஞ்ச மாதிரிதான் இருக்கு" என்றாள். எனக்காகச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை நான் மைக்கைப் பிடித்தேன். கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது என்று மைக்கில் யாராவது சொல்வார்களா? அதற்கு யார் கை தட்டுவார்கள்? "கட்டி இருந்த எடமே தெரியல!" என்றேன். சபை எழுந்து நின்றது. பாஸ்டர் உன் அம்மாவையும் கூப்பிட்டார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மைக்கில், ஸ்தோத்திரம் என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்கிவந்தாள்.

பொய் சொல்லவேண்டும் என்று நினைத்து நான் சொல்லவில்லை. நம் ஆட்கள் செய்கிற தப்பு இது, வெளியாட்களுக்குப் புரியாது. நடந்துவிட்டது என்று வாயால் முதலில் அறிக்கை செய்துவிட வேண்டும், பின்னால் அது நடக்கும் என்று நம்பினேன். அப்படி அறிக்கை செய்தபின் யாராவது வலிக்கிறது என்று சொன்னால் வந்த சுகம் ஓடிப்போய்விடும் என்றும் நம்பினேன். அதனால் வீட்டில் ஒரு கட்டளை போட்டேன். கட்டி என்று யாரும் சொல்லக் கூடாது, வலி என்று சொல்லக் கூடாது, டாக்டர் பேச்சே வரக் கூடாது. வலி வந்தால் துதி சொல்ல வேண்டும். உன் அம்மா கீழ்ப்படிந்தாள். இருபத்திரண்டு வருஷம் நான் கத்தியும் வாயைத் திறக்காதவள், அந்த வருஷம் சத்தமாகத் துதிக்க ஆரம்பித்தாள். பாத்திரம் தேய்க்கும்போது, துணி பிழியும்போது, மாடிப்படி ஏறும்போது திடீர் திடீரென்று அவள் குரல் உயரும். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பெண்டாட்டிக்குக் கடைசியில் ஜெபிக்க வந்துவிட்டது என்று சபையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

விடுமுறைக்கு வந்த நீயும் அதைக் கேட்டாய். இன்றைக்கும் நீ ஆராதனைக்கு நடுவே அதைச் சொல்கிறாய். "எங்கம்மா சமையக்கட்டையே சபையா மாத்துனவங்க" என்று நீ சொன்னதை நானே வீடியோவில் பார்த்தேன். தம்பி, அவள் துதித்தது வலியை மறைக்க. வாயை மூடிக்கொண்டிருந்தால் அலறிவிடுவாள், அதனால் வாயைத் திறந்து பாடினாள். துணி பிழிகிற கை எந்தக் கை, படியேறும்போது இழுக்கிற பக்கம் எது என்று ஒரு நாள் நின்று கவனித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் கவனிக்கவில்லை, ரசித்தேன். நீ சபையில் இத்தனை வருஷமாக எடுத்துச் சொல்லி ஜனங்களை அழவைப்பது உன் அம்மாவின் அவஸ்தையை. இதை உனக்குச் சொல்ல எனக்குப் பதினாலு வருஷம் ஆயிற்று.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் மத்தியான டிரிப்பில் உன் அம்மா என் பஸ்ஸில் ஏறினாள். சிதம்பரத்தில் உன் மாமா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். புதுச்சத்திரத்தில் கூட்டம் இறங்கி வண்டி முக்கால்வாசி காலியானது. அப்போது என் சட்டையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். "என்னாங்க, வீட்ல சொல்லக் கூடாதுன்னீங்க. இது வண்டிதான? இங்க சொல்லலாமா?" என்று கேட்டாள். நான் முறைத்துப் பார்த்தேன். "வலிக்குதுங்க. புண்ணாயிடிச்சி. என்னால தாங்க முடியல. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க" என்றாள். என் குடும்ப வாழ்க்கையிலேயே அவள் என்னிடம் அத்தனை நீளமாக எதையும் கேட்டதில்லை. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார். பின்சீட்டில் நம் சபைப் பெண் ஒருத்தி இருந்தாள், அவள் காதில் விழுந்துவிடுமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. "ஸ்தோத்திரம் சொல்லு" என்றேன். விசிலை ஊதினேன். வண்டி நகர்ந்தது. சிதம்பரம் வரைக்கும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

அதற்கு அப்புறமும் நாலு மாசம் கழித்துத்தான் ஆஸ்பத்திரி. அதுவும் என் விசுவாசம் தளர்ந்து அல்ல, புண்ணின் வாடை. வீட்டுக்கு வந்த பாஸ்டரின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க பிரதர்" என்று சொன்ன பிறகுதான் பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். திட்டவில்லை. "ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீட்டில் எழுதப் போனாள். உன் அம்மா கட்டிலில் கிடந்தபடி என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தப் புத்தகம். நான் வீட்டுக்கு வந்து பரணில் ஏறித் தேடி, எலி கடித்தது போக மிச்சத்தைக் கொண்டுபோனேன். நோயாளியின் ஜெபம் இருக்கிற பக்கத்தை எடுத்து வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். யாரோ முன்பின் தெரியாத ஒருவர் எப்போதோ எழுதிவைத்தது. அதில் வெற்றி முழக்கம் ஒன்றும் இல்லை. எனக்கு நோவாயிருக்கிறது, பயமாயிருக்கிறது, என்னை விட்டுவிடாதேயும் என்கிற மாதிரி சாதாரணமாக இருந்தது. உன் அம்மா ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினாள். "இதத்தாங்க நான் சொல்லணும்னு இருந்தேன்" என்றாள். அதை நான் பரணில் போட்டிருந்தேன். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் நீ என்னிடம் வந்தாய். கண் வீங்கியிருந்தது. "ஆஸ்பத்திரிக்கு இட்டுட்டுப் போகாம இன்னும் கொஞ்சம் விசுவாசமா இருந்திருந்தா அம்மா பொழைச்சிருப்பாங்களாப்பா?" என்று கேட்டாய். அன்றைக்குக் காலையில் பிரசங்கத்தில், சந்தேகம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று சூசகமாகச் சொல்லியிருந்தார்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். நீ அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். ஏன் என்றால், விசுவாசம் தளர்ந்த புருஷன் என்ற பெயரோடு என்னால் இருக்க முடியும். பெண்டாட்டி கெஞ்சியும் விசில் ஊதியவன் என்ற பெயரோடு என்னால் இருக்க முடியாது. அப்பா மாதிரி நான் தளரமாட்டேன் என்று நீ அன்றைக்கே முடிவு செய்திருக்கிறாய். உன் பிள்ளையின் மாத்திரையை நிறுத்திய கை உன் கை இல்லை, அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்த என் வாய்தான் நிறுத்தியது. உன்னை நான் கெடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள் என்று கேட்கக்கூட எனக்கு முகம் இல்லை.

நான் ஜெபத்தை விட்டுவிட்டேன் என்று நீ சபையில் சொல்லி வருத்தப்படுகிறாயாம், மருமகள் சொன்னாள். விடவில்லை, வரவில்லை. காலையில் முழங்கால் போடுகிறேன். வாயைத் திறக்கிறேன். சிரிக்காதே, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்ப்பெயர்தான் வருகிறது. முப்பது வருஷத்தில் நான் மனதோடு சொன்ன சொற்கள் அவைதான் போலிருக்கிறது. புதுச்சத்திரம் வந்ததும் மேலே போக முடியாமல் எழுந்துவிடுகிறேன். வாய்விட்டு ஜெபிப்பது தப்பு, துதிப்பது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. மனுஷனுக்கு வாய் இருப்பதே கூப்பிடத்தானே. பிள்ளை விழுந்தால் அப்பா என்று கத்துகிறது, அதைவிட நல்ல ஜெபம் எனக்குத் தெரியாது. ஆனால் நம் வீட்டில் நான் ஜெபத்துக்குள் ஒரு பூட்டைப் போட்டேன். கடவுளிடம் இதைச் சொல்லலாம், இதைச் சொல்லக் கூடாது என்று பிரித்தேன். வலிக்கிறது என்று சொல்ல இடமில்லாத வீட்டில் எத்தனை அல்லேலூயா சொன்னாலும் அது வெறும் சத்தம். அவருக்கு அது கேட்டிருக்குமா என்றும் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால், அந்தச் சத்தத்துக்கு அடியில் இருந்த உன் அம்மாவின் அழுகையும் கேட்டிருக்குமே, அப்போது ஏன் சும்மா இருந்தார்? இதற்கு எந்தப் பாஸ்டரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்தாலும் சொல்லாதே, வேண்டாம்.

சாட்சியைத் திரும்ப எடுப்பது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஏறின மேடையில் ஏறி இல்லை என்று சொல்ல வேண்டும். கை தட்டினவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கீபோர்டை வேறொருவனிடம் கொடுப்பார்கள். அது உன்னால் முடியாது என்றால், என்னிடம் விடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் வந்து உன் சபையில் மைக்கைப் பிடிக்கிறேன். என் பெண்டாட்டிக்குச் சுகம் கிடைத்தது என்று சொன்னது பொய், என் பேத்திக்குச் சுகம் என்று சொல்லவைத்தது என்னிடம் படித்த பாடம் என்று சொல்லிவிடுகிறேன். தொண்டை இன்னும் இருக்கிறது. பொய்யன் என்று என்னைச் சொல்லட்டும், உன்னைச் சொல்ல வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதை இவ்வளவு நேரம் எழுதாமல் வைத்திருந்தேன். முதல் வரியிலேயே எழுதியிருந்தால் நீ கடிதத்தை மடித்துவைத்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு அவள் தலையில் கையை வைத்திருப்பாய். உன் அம்மாவைப் பற்றித் தெரிந்த பிறகு நீ அப்படிச் செய்யமாட்டாய் என்று ஒரு நப்பாசை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ எனக்காக ஜெபித்து முடித்துவிட்டு, சாயங்காலக் கூட்டத்துக்கு ஸ்பீக்கர் கட்டப் போனாய். நான் கிருபாவுக்குப் பிடிக்குமே என்று கடலூரிலிருந்து காராசேவு வாங்கிவந்திருந்தேன். பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். கையில் வாங்கி வைத்துக்கொண்டாளே தவிர வாயில் போடவில்லை. "ஏம்மா, பிடிக்கலியா?" என்றேன். "எரியும் தாத்தா" என்றாள். "ஏன் எரியும்?" என்றேன். வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் வாயைத் திறந்து காட்டினாள். நாக்கின் ஓரத்தில் பல் பதிந்து, வெளிறி, நடுவே சிவந்திருந்தது. அதற்கு இரண்டு நாளைக்கு முன்னால், ஸ்கூலுக்குக் கிளம்பும்போது பாத்ரூமில் வலிப்பு வந்திருக்கிறது. தனியாக விழுந்து, தனியாக எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வேனில் ஏறியிருக்கிறாள். "ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா சாட்சி பொய்யாயிடும்ல தாத்தா?" என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மருமகளிடம் மட்டும் ஜாடையாகக் கேட்டேன். "தெரியும் மாமா, நான் சொன்னா எனக்கு விசுவாசம் இல்லன்னுடுவாரு" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அங்கேயே இருந்து உன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பஸ் ஏறி வந்துவிட்டேன். இரண்டாவது தடவையும் விசிலை ஊதிவிட்டேன்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. மத்தியான வண்டியில் வருகிற கண்டக்டர் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன், உன் ஆபீஸ் வாசலில் உன் கையில் கொடுப்பான். அதற்கடுத்த வண்டியில் நானும் வருகிறேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பேன். நீ வந்தால் டாக்டரிடம் சேர்ந்து போவோம். நிறுத்தின மாத்திரையை நீயாக எடுத்துக் கொடுத்துவிடாதே, எதை எவ்வளவு கொடுப்பது என்று அவர் சொல்லட்டும். நீ வரவில்லை என்றால் நான் நேராக வீட்டுக்கு வருவேன். நீ கண்ணை மூடினாலும் இந்த முறை நான் பேசுவதை நிறுத்தமாட்டேன்.

பிள்ளைக்குச் செய்த சத்தியத்தை நான் மீறிவிட்டேன், அதற்கு அவளிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீ அவளைத் திட்டாதே. ஸ்கூல் விட்டு வந்ததும் மடியில் உட்காரவைத்து, திரும்ப வந்துச்சா பாப்பா என்று கேள். இல்லைப்பா என்பாள். சுகமாயிட்டேன், ஸ்தோத்திரம் என்று சத்தமாகச் சொல்வாள். நம்பிவிடாதே. ஆ காட்டு என்று சொல்லி நாக்கைப் பார்.

அப்பா